கண், இதயம், சிறுநீரகம்: பூனை உணவுப் பாக்கெட்டின் பின்கதை

1/
பூனைக்கு வாங்குற உலர் உணவு தரமானதா, கொடுக்குற காசுக்குப் பெறுமா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பாக்கெட்டைத் திருப்பி புரோட்டீன் எத்தனை சதவீதம்னு பாருங்க. எண் பெருசா இருந்தா நல்ல சரக்கு."

2/
அந்த எண்ணை நம்பினதால பூனைகள் மூன்று முறை வசமா மாட்டியிருக்கு. முதல் முறை கண் போச்சு. இரண்டாவது முறை இதயம் போச்சு. மூன்றாவது முறை சிறுநீரகம் போச்சு. மூன்று முறையும் உணவில் புரதம், காகிதக் கணக்குப்படி, போதுமான அளவு இருந்தது.

3/
நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா இந்தக் கதை சுற்றிச் சுற்றி மனிதக் குழந்தைகளின் பால் புட்டியில் வந்து நிற்குது. அதனால எழுதுறேன். நீளமான இழை. பொறுமையா வாசிங்க, கடைசியில் கடையில் நின்று பார்க்க வேண்டிய பட்டியலும் இருக்கு.

4/
முதல்ல இந்த உலர் உணவு எங்கிருந்து வந்தது? 19-ம் நூற்றாண்டு லண்டனில் பூனைக்குன்னு தனியா இறைச்சி விற்கும் தெரு வியாபாரிகள் இருந்தாங்க. கிழடு தட்டிய குதிரைகளின் இறைச்சியைத் துண்டு போட்டு, குச்சியில் குத்தி, வீடு வீடா விற்பாங்க. மற்றபடி பூனை தன் சாப்பாட்டைத் தானே பிடிச்சுக்கும். எலி, குருவி, பல்லி.

5/
1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்தார். அதுக்கு முன்னாடி அவர் இடிதாங்கி வியாபாரி! கப்பல்களில் மிஞ்சும் காய்ந்த ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. செல்லப்பிராணி உணவை ஒரு தொழிலா ஆக்கியவர்களில் அவர் முன்னோடி.

6/
அடுத்து டின் உணவு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் டின் உணவு முடங்கி, உலர் உணவு மேலே வந்தது. போர் முடிஞ்ச பிறகு, 1947-ல் எட்வர்ட் லோ என்பவர் பூனை மலம் கழிக்க உறிஞ்சும் களிமண்ணை விற்க ஆரம்பித்தார். பூனை முழுநேரமும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்னு ஆச்சு. இதைக் கவனிச்சு வச்சுக்கோங்க: வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு எலி கிடைக்காது.

7/
இன்னிக்கு நாம பார்க்கிற உருண்டை, நட்சத்திர வடிவத் துண்டுகள் 1950-களில் பிறந்தவை. ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் காலைச் சிற்றுண்டி தானியம் செய்யப் பயன்பட்ட எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் நாய் உணவு செய்து 1957-ல் விற்பனைக்கு விட்டது. நம்ம முறுக்கு உழக்கைக் கற்பனை பண்ணிக்கோங்க. மாவு, இறைச்சித் தூள், நீராவி எல்லாத்தையும் பெரும் அழுத்தத்தில் ஒரு துளை வழியா தள்ளினா, வெளியே வந்ததும் பொரி மாதிரி உப்பிடும். அதைக் காயவைத்து, மேலே கொழுப்பும் சுவையூட்டியும் தெளிப்பாங்க.

8/
இங்கே ஒரு முக்கியமான விஷயம். அப்படி உப்பி, உதிராம நிற்க மாவுச்சத்து வேணும். அரிசி, சோளம், கோதுமை இல்லைன்னா உருளைக்கிழங்கு, பட்டாணி. அதனால எக்ஸ்ட்ரூடரில் செய்த வழக்கமான உலர் உணவில் மாவுச்சத்து இருந்தே தீரும். "கிரெயின் ஃப்ரீ"ன்னு போட்டிருந்தா தானியம் இல்லைன்னுதான் அர்த்தம், மாவுச்சத்து இல்லைன்னு இல்லை.

9/
இயந்திரம் தயார், சந்தை தயார். ஆனா பூனைன்னா சின்ன நாய்தானேன்னு பலரும் நினைச்சாங்க. அது இல்லவே இல்லை. பூனை பரம்பரை பரம்பரையா இறைச்சி மட்டுமே தின்று வந்த பிராணி. தினமும் இறைச்சியில் ரெடிமேடா கிடைச்ச பல சத்துகளை உடம்புக்குள் தானே தயாரிக்கும் திறன் அதுக்குப் பெரும்பாலும் இல்லாம போச்சு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நாம வைட்டமின் ஏ-வா மாத்திக்கிறோம். பூனையால் முடியாது.

10/
எவ்வளவு கறாரான உடம்புன்னு ஒரு உதாரணம். அர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தாலே பூனையின் ரத்தத்தில் அம்மோனியா ஏறி, சில மணி நேரத்தில் நோய்வாய்ப்படும். மோரிஸ், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-ல் இதை வெளியிட்டாங்க. மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் தட்டில் இருந்தன. மொத்தப் புரதக் கணக்கில் ஒரு குறையும் தெரியாது.

11/
இப்போ முதல் விபத்து: கண்.
1970-களில் அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆய்வகப் பூனைகளுக்குப் பாலில் இருந்து பிரித்தெடுத்த கேசின் புரதத்தை அடிப்படையா வைத்த உணவைக் கொடுத்து வந்தாங்க. கேசின் நல்ல தரமான புரதம். ஆனா மாதக்கணக்கில் அதையே தின்ற பூனைகளின் விழித்திரை செல்கள் செத்துக்கொண்டே வந்தன. பார்வை போச்சு.

12/
காரணம் டாரின். காளையின் பித்தத்தில் இருந்து 1827-ல் முதன்முதலா பிரித்தெடுத்த பொருள். லத்தீனில் காளைக்கு "டாரஸ்", அதிலிருந்து வந்த பெயர். நூற்றைம்பது வருஷமா இது ஏதோ பித்தத்தில் இருக்கும் உப்புச்சப்பில்லாத பொருள்னுதான் பாடப்புத்தகங்கள் நினைச்சன. ஹேய்ஸ், கேரி, ஷ்மிட் மூவரும் 1975-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினது இதுதான்: டாரின் குறைஞ்சா பூனைக்கு விழித்திரை அழியும்.

13/
நாய் கந்தகம் உள்ள வேறு அமினோ அமிலங்களை வைத்து டாரினைத் தயாரிச்சுக்கும். பூனையிடம் அதுக்கான நொதிகள் ரொம்பக் குறைவு. அதோட பித்த உப்பு செய்ய அது டாரினை மட்டும்தான் பயன்படுத்தும், மாற்று கிடையாது. வரவு குறைவு, செலவு நிற்காது. எலியைத் தின்ற காலத்தில் பிரச்னை இல்லை, தசையிலும் இதயத்திலும் டாரின் நிறைய. பாக்கெட்டுக்கு மாறினதும் மாட்டிக்கிச்சு.

14/
1978-ல் இன்னொரு ஆய்வறிக்கை வந்தது: நாய் உணவைத் தின்று வளர்ந்த வீட்டுப் பூனைகளுக்கும் அதே விழித்திரை அழிவு. "ஒரே மூட்டைதான், நாய்க்கும் பூனைக்கும் சேர்த்துப் போடுறோம்"னு சொல்லும் வீடுகள் இன்னிக்கும் நம்ம ஊரில் உண்டு. அவசரத்துக்கு ஒரு வேளைன்னா ஒண்ணும் ஆகாது. அதுவே தினசரி உணவா வேண்டாம்.

15/
இங்கேதான் மனிதக் குழந்தை வருது. தாய்ப்பாலில் டாரின் நல்ல அளவில் இருக்கு. பசும்பாலில் ரொம்பக் கம்மி. புட்டிப்பால் பவுடர் பசும்பாலில் இருந்து செய்றது! புட்டிப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் டாரின் குறைவா இருப்பது அதே 1970-களில் தெரிய வந்தது. 1985-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு: குடல் வேலை செய்யாம, நீண்டகாலம் நரம்பு வழி மட்டுமே சத்து ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு டாரின் குறைஞ்சு, விழித்திரையின் மின் பரிசோதனையில் மாறுதல் தெரிஞ்சது.

16/
1980-களில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் டாரின் சேர்ப்பது வழக்கமாச்சு. இன்னிக்குக் கடையில் ஒரு டின்னை எடுத்துப் பாருங்க, சேர்மானப் பட்டியலில் பெரும்பாலும் டாரின் இருக்கும். அந்த வரிக்குப் பின்னாடி பார்வை இழந்த பூனைகள் இருக்கு.

17/
சைடு குறிப்பு: "பூனைன்னாலே பால்" என்பது நம்ம எல்லார் மனசிலும் ஊறின விஷயம். பசும்பால் பூனைக்கு டாரின் தராது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காம வயிற்றுப்போக்கும் வரும். தயிர்சாதம் மட்டுமே தின்னும் பூனை நல்லாதானே இருக்குன்னு கேட்டீங்கன்னா, அது மத்தியானம் மொட்டைமாடியில் என்ன பிடிச்சுத் தின்னுதுன்னு உங்களுக்குத் தெரியாது!

18/
இரண்டாவது விபத்து: இதயம்.
1975-க்குப் பிறகு உணவில் இவ்வளவு டாரின் இருக்கணும்னு அளவு வகுத்தாச்சு. நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பிரச்னை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான வீட்டுப் பூனைகள் ஒரே நோயில் செத்துக்கொண்டிருந்தன. டைலேட்டட் கார்டியோமயோபதி. இதயத் தசை பலம் இழந்து, அறை பலூன் மாதிரி விரிஞ்சு, ரத்தத்தை வெளியே தள்ள முடியாம போகும் நோய்.

19/
மனுஷங்களில் இந்த நோயை நாங்க பார்க்கிறோம். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், சிலருக்கு நல்லாவே தேறும், பலருக்கு ஆயுள் முழுக்கக் கூடவே வரும். பூனைக்கு அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட மரண தண்டனை. காரணம் தெரியாது, பரம்பரையா இருக்கலாம்னு பேச்சு.

20/
கலிபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ். பால் பியான் என்ற இளம் கால்நடை இதய மருத்துவரும் அவரது குழுவும் இந்த நோயுள்ள பூனைகளின் ரத்தத்தில் டாரின் அளவைப் பார்த்தாங்க. மட்டமா இருந்தது. 21 பூனைகள். எல்லாம் கடையில் வாங்கின பூனை உணவைத் தின்றவை. வாயில் டாரின் கொடுத்தாங்க. எக்கோவில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. 1987 ஆகஸ்ட், 'சயின்ஸ்' இதழ்.

21/
ஒரு டாக்டரா இதை வாசிக்கும்போது எனக்குப் புல்லரிக்கும். விரிஞ்சு தொங்கிப்போன இதயம், விலை மலிவான ஒரு தூளால் சுருங்கி வேலை செய்ய ஆரம்பிக்குது. எந்தப் பிராணியிலும் டாரின் குறைவு இதயத் தசையைப் பலவீனமாக்கும்னு அதுக்கு முன்னாடி யாரும் காட்டியதில்லை.

22/
ஆனா நமக்கு முக்கியமான கேள்வி வேற. அந்த உணவுகளில்தான் விதிப்படி டாரின் இருந்ததே, பிறகு எப்படிக் குறைஞ்சது?
பாக்கெட்டில் இருப்பது வேறு, பூனை ரத்தத்தில் சேர்வது வேறு. சூடாக்கும் முறையைப் பொறுத்து, குடலில் உள்ள பாக்டீரியாக்கள் டாரினைச் சிதைத்துவிடும் அளவு மாறுது. அதிக வெப்பத்தில் வேகும் டின் உணவில் இந்த இழப்பு கூடுதல். ஆய்வகக் கணக்கு சரி, பூனையின் குடலில் கணக்குத் தப்பு.

23/
அதனாலதான் இன்னிக்கு அமெரிக்க விதிமுறையில் உலர் உணவுக்கு டாரின் குறைந்தபட்சம் 0.1 சதவீதம், டின் உணவுக்கு 0.2 சதவீதம். ஈரப்பதத்தைக் கழித்த கணக்கு இது. ஒரே பிராணி, ஒரே சத்து, இரண்டு எண்கள். இந்த இரட்டிப்பு 1987-ன் தழும்பு. அளவைக் கூட்டின பிறகு பூனைகளில் இந்த இதய நோய் மளமளன்னு குறைஞ்சிடுச்சு.

24/
இதிலிருந்து தரத்தை அளக்க இரண்டு வழிகள் இருக்குன்னு புரியும். ஒண்ணு, காகிதத்தில் எல்லாச் சத்தும் அளவுப்படி இருக்கான்னு பார்ப்பது. இன்னொண்ணு, நிஜப் பூனைகளுக்கு ஊட்டிப் பார்ப்பது. அமெரிக்காவில் மாநிலங்களின் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த முறைப்படி, வளர்ந்த பூனைகளுக்கான சோதனைக்குக் குறைந்தது 8 பூனைகள், 26 வாரங்கள், அந்த உணவு மட்டும். எடை, ஹீமோகுளோபின், ஆல்புமின், ரத்தத்தில் டாரின் எல்லாம் பார்க்கணும்.

25/
8 பூனை, ஆறு மாசம். ரொம்பச் சின்னச் சோதனைதான், மறுக்கலை. பத்து வருஷத்தில் வரும் நோய் அதில் தெரியாது. ஆனா காகிதத்தில் மட்டும் பாஸான உணவை விட, பூனை வயிற்றிலும் பாஸான உணவு ஒரு படி மேல். நல்ல நிறுவனங்கள் ஊட்டிப் பார்த்த விவரத்தைப் பாக்கெட்டிலேயே ஒரு வரியில் போடும்.

26/
மூன்றாவது விபத்து: சிறுநீரகம். இதில் கவனக்குறைவு இல்லை, மோசடி.
முதல்ல ஒரு கேள்வி. பாக்கெட்டில் இருக்கும் புரத சதவீதத்தை எப்படி அளக்கிறாங்க? பெரும்பாலும் புரதத்தை நேரடியா அளப்பதே இல்லை. நைட்ரஜனை அளக்கிறாங்க. டென்மார்க்கில் பீர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்கின் ஆய்வகத்தில் கெல்டால் என்ற வேதியியலாளர் 1883-ல் கண்டுபிடித்த முறைதான் இதுக்கு மூலம்.

27/
புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினா புரதம். எளிமை, மலிவு. ஒரே ஓட்டை: அந்த நைட்ரஜன் கோழிக்கறியில் இருந்து வந்ததா, கொம்பு, முடி, இறகில் இருந்து வந்ததா, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்து வந்ததான்னு முறைக்குத் தெரியாது. லேபிளில் "குரூட் புரோட்டீன்"னு போடுவது இதனாலதான்.

28/
மெலமைன். தட்டு, டம்ளர் செய்யும் பிசினுக்கான மூலப்பொருள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதாவது ஒரு கிராம் மெலமைன் கலந்தா, சோதனையில் நாலு கிராமுக்கு மேல் "புரதம்" ஏறும். சத்து பூஜ்யம்.

29/
2007 மார்ச். கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. பல பிராண்டு பெயர்களில், மலிவு முதல் உயர்ரகம் வரை, விற்ற சரக்கு. பெரும்பாலும் குழம்பு மாதிரியான ஈர உணவு. பூனை, நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நிறுவனத்தின் சொந்தச் சுவைச் சோதனையிலேயே பூனைகள் செத்தன. சீனாவில் இருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. கூடவே சயனூரிக் அமிலமும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமா உறைஞ்சு அடைச்சுடுச்சு.

30/
விலையைப் பற்றிப் பேசுறவங்க இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கணும். மலிவு பிராண்டும் விலை உயர்ந்த பிராண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கலப்பட மூலப்பொருளில் இருந்து வந்தன. விலை யாரையும் காப்பாத்தலை.

31/
எச்சரிக்கை மணி அடிச்சாச்சு. உலகம் கேட்டுச்சா? அடுத்த வருஷமே, 2008-ல், சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் அதே மெலமைன். தண்ணி கலந்த பாலில் புரத எண்ணை ஏற்றிக் காட்ட அதே தந்திரம். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிப்பு, 50 ஆயிரத்துக்கும் மேல் மருத்துவமனையில், அரசுக் கணக்கில் 6 குழந்தைகள் மரணம். சிறுநீரகக் கல்லோடு கைக்குழந்தைகள்! பூனைகள் முன்னாடியே சொல்லிட்டுப் போன விஷயம்.

32/
இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. ஜிம்முக்குப் போற தம்பிகள் குடிக்கும் புரோட்டீன் பவுடரிலும் இதே ஓட்டையைப் பயன்படுத்துவது உண்டு. மலிவான கிளைசின் போன்றவற்றைக் கலந்து நைட்ரஜனை ஏற்றுவாங்க. அப்படிக் கலக்கப்படும் பொருட்களில் டாரினும் ஒண்ணு என்பது காலத்தின் கிண்டல்.

33/
இப்போ விலை உயர்ந்த பாக்கெட்டில் பளிச்சுன்னு இருக்கும் சில சொற்கள். "முதல் சேர்மானம் ஃப்ரெஷ் சிக்கன்": பட்டியல் எடை வரிசைப்படி, அதுவும் சமைக்கும் முன் உள்ள எடை. பச்சைக் கோழியில் பெரும்பகுதி தண்ணி. காய்ந்த பிறகு அது பட்டியலில் எங்கே நிற்கும்னு யோசிங்க. "சிக்கன் மீல்" என்பது காயவைத்த தூள். கேட்க அசிங்கமா இருந்தாலும் புரதம் செறிவு அதிகம்.

34/
"கிரெயின் ஃப்ரீ": 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு விசாரணையை அறிவித்தது. பட்டாணி, பருப்பு வகைகள் நிறைந்த உணவுகளைத் தின்ற நாய்களில் அதே டைலேட்டட் கார்டியோமயோபதி பதிவாகிக்கொண்டிருந்தது. இதுதான் காரணம்னு இன்னும் நிரூபணம் ஆகலை. ஆனா தானியம் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை.

35/
ஈர உணவில் புரதம் 10, உலர் உணவில் 32. எது அதிகம்? அவசரப்படாதீங்க, தண்ணியைக் கழிக்கணும். உலர் உணவில் 10 சதவீதம் தண்ணின்னா, 32-ஐ 90-ஆல் வகுத்தா சுமார் 36 சதவீதம். ஈர உணவில் 80 சதவீதம் தண்ணின்னா, 10-ஐ 20-ஆல் வகுத்தா 50 சதவீதம். அமெரிக்கக் குறைந்தபட்சம் வளர்ந்த பூனைக்கு 26, குட்டிக்கு 30. இதுவும் தண்ணி கழித்த கணக்கு.

36/
பெறுமானத்தைக் கிலோ விலையில் பார்க்காதீங்க, ஒரு நாள் செலவில் பாருங்க. உதாரணத்துக்கு, சுமார் 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 220 கலோரின்னு வைப்போம். முதல் உணவு கிலோ 300 ரூபாய், 100 கிராமுக்கு 330 கலோரி: தினம் 67 கிராம், 20 ரூபாய். இரண்டாவது கிலோ 380 ரூபாய், 100 கிராமுக்கு 420 கலோரி: தினம் 52 கிராம், அதே 20 ரூபாய். மலிவுன்னு நினைச்சது மலிவே இல்லை. அடர்த்தியான உணவை அளக்காம கொட்டினா பூனை குண்டாகும், அது தனிப் பிரச்னை.

37/
உலர் உணவின் இன்னொரு பக்கம் தண்ணி. எலியில் முக்கால் பங்குக்குக் கிட்ட தண்ணி. உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு. பூனை தானா நிறையத் தண்ணி குடிக்கிற பிராணி இல்லை. தண்ணிக் கிண்ணங்களை இரண்டு மூணு இடத்தில் வைங்க, முடிஞ்சா கொஞ்சம் ஈர உணவும் சேருங்க. ஆண் பூனை சிறுநீர் வராம முக்கிக்கிட்டே இருந்தா அது எமர்ஜென்சி. காலையில் பார்த்துக்கலாம்னு விடாதீங்க, உயிர் போகும்.

38/
கடையில் நின்று பார்க்க வேண்டியவை:
• "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற வாசகம், எந்த வயதுக்கு என்பதோடு. குட்டிக்கும் கர்ப்பிணிப் பூனைக்கும் தேவை வேறு.
• பூனைக்கான உணவுதானா.
• டாரின் பெயர் சொல்லி எழுதியிருக்கா.
• நிஜப் பூனைகளுக்கு ஊட்டிச் சோதித்ததா, வெறும் கணக்குதானா.
• தயாரித்த நிறுவனம் எது, கேள்வி கேட்டா பதில் சொல்ல எண் இருக்கா.
• 100 கிராமுக்கு எத்தனை கலோரி.
• தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி.

39/
மூட்டையைப் பிரிச்சு, பாலிதீன் கவரில் கால் கிலோ, அரைக் கிலோன்னு சில்லறையா விற்பாங்க. மேலே சொன்ன எதுவும் அந்தக் கவரில் இருக்காது. மேலே தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். கம்மி விலையா தெரிஞ்சாலும் வேண்டாம். சின்ன பாக்கெட்டா வாங்குங்க.

40/
வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன்னு சொல்றவங்களுக்கு: டாரின் தண்ணியில் கரையும். மீனை வேகவைச்சு அந்தத் தண்ணியைக் கீழே ஊத்தினா டாரினையும் சேர்த்து ஊத்துறீங்க. அந்தத் தண்ணியோட கொடுங்க, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாம. வெறும் மீனும் சோறும் எல்லாச் சத்தையும் தராது. முழுக்க வீட்டுச் சாப்பாடுன்னா ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் திட்டம் போட்டுக்கோங்க.

41/
எல்லாத்தையும் பார்த்து வாங்கின பிறகும் கடைசிச் சோதனை உங்க வீட்டில்தான் நடக்குது. மாதம் ஒரு முறை எடை பாருங்க. மலம் கெட்டியா இருக்கா, முடி பளபளன்னு இருக்கா, இருட்டில் தடுமாறுதா, மூச்சு வாங்குதா. 1987-ல் டேவிஸில் செய்ததும் சாராம்சத்தில் இதுதான்: எண் சரியா இருக்குன்னு விட்டுடாம, பூனையைப் பார்த்தாங்க.

42/
பூனை வளர்க்கிற நண்பர்களுக்குப் பகிருங்க. பூனை இல்லைன்னாலும், பால் பவுடரும் புரோட்டீன் டப்பாவும் வாங்குற வீடுகளுக்கு அனுப்புங்க.